கடல் கடந்து கற்ற மூவர்

நம் மும்பைத் தமிழர் இல்லங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் செய்தி ஒன்றுண்டு. இன்னார் மகன் மேற்படிப்புக்கு அயல்நாடு செல்கிறான், இன்னார் மகளுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்பதே அச்செய்தி. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் இதைக் கேட்டு மகிழாதார் இல்லை. மகிழ்ச்சியின் பின்னே, பெற்றவர் நெஞ்சில் சொல்லப்படாத அச்சம் ஒன்றும் இருக்கத்தான் செய்கிறது. பிள்ளை பட்டத்தோடு திரும்புவான் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. எத்தகைய மனிதனாகத் திரும்புவான் என்பதே கவலை.

ஊரை விட்டுப் புறப்படுவது நமக்குப் புதியதன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர்களும், தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு கோட்டைப் பகுதி அலுவலகங்களில் குமாஸ்தாவாக அமர்ந்து மாதுங்காவில் குடியேறியவர்களும், பின்னர்ச் செம்பூரில் வீடு கண்டவர்களும் நம் முன்னோரே. பாஷை தெரியாத ஊரில் முதல் மாதம் எப்படிக் கழியும் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆனால் அவர்கள் தனியே வந்தாலும், விரைவில் தம் ஊராரோடு சேர்ந்து கொண்டார்கள். ஒரே சாலில் பத்துக் குடும்பம், ஒரே தெருவில் ஒரு கோயில், ஒரு சங்கம் என்று அமைத்துக் கொண்டார்கள். கல்விக்காகக் கடல் கடக்கும் இளைஞனுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. பதினெட்டு, இருபது வயதில் அவன் தன்னந்தனியே ஓர் அறையில் தன்னைத்தானே வளர்த்துக் கொள்ள வேண்டியவனாகிறான்.

இவ்வகையில் நமக்கு வழிகாட்டக்கூடிய மூவருடைய மாணவ வாழ்க்கையை இங்கே நினைவு கூர்வோம். மூவரும் உலகறிந்தவர்கள். மூவருக்கும் இந்நகரத்தோடு தொடர்பு உண்டு. ஒருவர் இங்கேயே கற்று வளர்ந்து இங்கிருந்து சென்றவர்; மற்றொருவர் நோயுற்ற உடலோடு இத்துறைமுகத்தில் வந்து இறங்கியவர்; மூன்றாமவர் பத்தொன்பது வயதில் இத்துறைமுகத்தில் கப்பலேறியவர். அவர்களுடைய புகழை விடுத்து, அவர்கள் பட்ட சிரமத்தையும் அச்சிரமம் அவர்களை எவ்வாறு உருவாக்கியது என்பதையும் காண்பதே நம் நோக்கம்.

பரேலிலிருந்து நியூயார்க்குக்கு

டாக்டர் அம்பேத்கர் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மௌ என்னும் இராணுவக் குடியிருப்பில் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலும் எல்பின்ஸ்டன் கல்லூரியிலும் பயின்று 1912-இல் பி.ஏ. தேர்ந்தார். குடும்பம் பரேலில், இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் சாலில் குடியிருந்தது. 1913 பிப்ரவரியில் தந்தையார் ராம்ஜி காலமானார். அவ்வாண்டிலேயே பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உபகாரச் சம்பளத்தின் துணையால், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர அம்பேத்கர் புறப்பட்டார். சம்பளம் மாதம் பதினொன்றரைப் பவுன், காலம் மூன்றாண்டு, திரும்பியபின் பத்தாண்டு பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது உடன்படிக்கை.

அங்கே அவருக்குக் கிடைத்த முதற் செல்வம் ஒரு நண்பர். லிவிங்ஸ்டன் ஹால் என்னும் மாணவர் விடுதியில் அவரோடு தங்கியவர் நவல் பதேனா என்னும் பார்சி இளைஞர். இந்த நட்பு விடுதியோடு முடியவில்லை. பிற்காலத்தில் அம்பேத்கர் மறுபடியும் இலண்டன் சென்று படிக்க விரும்பியபோது, ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுத்து உதவியவர் இந்த நண்பரே. அயல்நாட்டில் நாம் தேடிக்கொள்ளும் ஒரு நல்ல துணை, வாழ்நாள் முழுதும் பயன்படும் முதலாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இரண்டாவது செல்வம் ஆசிரியர்கள். தத்துவப் பேராசிரியர் ஜான் டூயி, பொருளாதாரப் பேராசிரியர் செலிக்மன் முதலியோரிடம் அவர் பாடம் கேட்டார். பொருளாதாரத்தோடு நின்றுவிடாமல் வரலாறு, சமூகவியல், மானிடவியல், தத்துவம் என்று பல துறை வகுப்புகளிலும் அமர்ந்தார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9-ஆம் நாள், மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் ஆய்வரங்கத்தில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய முறைபற்றி ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. தம்மை எந்த அமைப்பு வகுப்பறையின் மூலையில் உட்கார வைத்ததோ, அந்த அமைப்பை ஓர் ஆராய்ச்சியாளனுக்குரிய நிதானத்தோடு அறிஞர் அவையில் அலசினார். உள்ளத்தில் எரியும் துன்பத்தை ஆராய்ச்சிப் பொருளாக மாற்றும் வலிமையை அந்த மூன்றாண்டுகள் அவருக்கு அளித்தன என்று சொல்லலாம்.

1916-இல் இலண்டன் சென்று பொருளாதாரக் கல்லூரியிலும் கிரேஸ் இன் என்னும் சட்ட நிலையத்திலும் சேர்ந்தார். உபகாரச் சம்பளக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. வேறொரு கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்கள், அக்கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டதால் கடலோடு போயின. வயிற்றைக் கட்டி வாங்கிய புத்தகங்கள் கடலில் போனால் ஒரு மாணவனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆயினும் அவர் படிப்பைக் கைவிடவில்லை. பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் பதேனாவின் கடனும் சேர, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். அந்நாட்களில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் பகலெல்லாம் படித்து, இரவிலும் நெடுநேரம் கண்விழித்ததையும், ஜாகையில் கிடைத்த அற்ப உணவு போதாமல் நாலு அப்பளம் சுட்டுத் தின்று பசியாறியதையும் அவருடைய வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் குறித்திருக்கிறார். 1921-இல் எம்.எஸ்ஸி., 1922-இல் பாரிஸ்டர், 1923-இல் டி.எஸ்ஸி. என்று பட்டங்கள் வந்தன. ரூபாயின் பிரச்சினை பற்றிய டி.எஸ்ஸி. ஆய்வேட்டை முதலில் தேர்வாளர்கள் ஏற்கவில்லை. திருத்தி எழுதுமாறு திருப்பினார்கள். பணமில்லாமையால் பம்பாய்க்கு வந்து, இங்கிருந்தே திருத்தி அனுப்பிப் பட்டம் பெற்றார். திருப்பி அனுப்பப்பட்ட தாளைக் கண்டு மனமுடையும் மாணவர்கள் இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

போர்வை தெரியாத மேதை

இராமானுஜனின் கதை யாவரும் அறிந்ததே. 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தால் உலகுக்கு வெளிப்பட்டார். 1914 மார்ச் 17-ஆம் நாள் சென்னையில் நெவாசா என்னும் கப்பலேறி, ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. அதில் ஏறக்குறைய 50 பவுன் கும்பகோணத்திலிருந்த குடும்பத்துக்குச் சென்றது.

அவருடைய கணித ஆற்றலைப் பற்றிப் பேச அறிஞர் பலர் உளர். நாம் இங்கே பார்க்க வேண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. அப்போது கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த மஹலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் துறையின் தந்தை எனப் போற்றப்பட்டவர், குளிர்காலத்தில் ஒருநாள் இராமானுஜனின் அறைக்குச் சென்றார். இரவில் குளிரால் தூக்கமில்லை என்றும், மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்துக்கொண்டு படுப்பதாகவும் இராமானுஜன் சொன்னார். கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் இருக்கின்றன! ஆனால் அவை மெத்தையோடு சேர்த்து இறுக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மஹலனோபிஸ்தான் அதைக் காட்டிக் கொடுத்தார்.

உலகப் புகழ்பெற்ற கணித அறிஞர்கள் தீர்க்க முடியாதவற்றைத் தீர்த்தவர், போர்வையை எப்படிப் போர்த்துவது என்று பக்கத்து அறைக்காரரைக் கேட்கவில்லை. இது நகைப்பதற்குரிய செய்தியன்று. நெஞ்சை உருக்கும் செய்தி. கூச்சமுடைய, மானமுடைய நம் பிள்ளைகள் பலரும் இப்படித்தான். தெரியாது என்று சொல்லத் தயங்குவார்கள், குளிரில் நடுங்குவார்கள், கடிதத்தில் நலமாக இருக்கிறேன் என்று எழுதுவார்கள்.

சைவ உணவில் உறுதியாயிருந்த இராமானுஜன் தம் அறையிலேயே சமைத்துண்டார். 1914-இல் மூண்ட உலகப் போரால் காய்கறிகளும் ஊரிலிருந்து வரவேண்டிய பண்டங்களும் கிடைப்பது அரிதாயிற்று. நேரம் தவறிச் சமைப்பதும், நெடுநேரம் விழித்துக் கணக்கிடுவதும் வழக்கமாயின. உணவு என்பது உடலுக்கு மட்டும் உரியதன்று. பத்துப் பேர் கூடியுண்ணும் கூடத்திலிருந்து விலகித் தனியே உண்பவன், பேச்சுத் துணையையும் இழக்கிறான். ஒருமுறை நண்பர் ஒருவரையும் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணையும் விருந்துக்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். விருந்தினர் மேலும் வேண்டாம் என்று மறுத்ததைத் தம் உபசாரத்தில் குறையென்று கருதி, சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிச் சில நாள் ஆக்ஸ்போர்டில் இருந்துவிட்டார். மனம் எவ்வளவு புண்பட்ட நிலையில் இருந்தால் அவ்வளவு சிறு காரணம் போதுமானதாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

1917-இல் நோய் வந்தது. அடுத்த ஈராண்டின் பெரும்பகுதி மருத்துவ விடுதிகளில் கழிந்தது. 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப் பெற்றார். பெருமைகள் வந்து குவிந்தன, உடல் தேறவில்லை. 1919 மார்ச்சில் நாகோயா என்னும் கப்பலில் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, தாயாரும் தம்பியும் அவரை எதிர்கொண்டார்கள். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில் சென்னையில் மறைந்தார். அக்காலத்தில் காசநோய் என்று கருதி வைத்தியம் செய்தனர். கல்லீரலைப் பற்றிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்றும், கண்டுபிடித்திருந்தால் குணப்படுத்தியிருக்கலாம் என்றும் 1990-களில் ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர் கருத்துத் தெரிவித்தார்.

இவ்வளவு துன்பத்தினிடையிலும் அவர் உள்ளம் எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதற்கு ஒரு கடிதம் சான்று. 1919 ஜனவரியில், நோய்ப் படுக்கையில் இருந்தவாறே, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதினார். தமக்கு அளிக்கப்படவிருந்த தொகை தம் தேவைக்கு மிஞ்சியது என்றும், பெற்றோருக்குரியதும் தம் அவசியச் செலவும் போக மீதியை ஏழைச் சிறுவர்களுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளமும் புத்தகமும் கிடைக்கச் செலவிட வேண்டும் என்றும் அதில் கேட்டுக் கொண்டார். ஒருகாலத்தில் கணக்குப் போடக் காகிதம் வாங்க முடியாமல் பலகையில் எழுதி அழித்தவர் அவர். தாம் பட்ட குறையை மற்றவன் படக்கூடாது என்று எண்ணும் நிலையே கல்வியின் முதிர்ச்சி.

கப்பலில் பிறந்த கணக்கு

1930 ஜூலை 31-ஆம் நாள், பம்பாய்த் துறைமுகத்திலிருந்து பில்ஸ்னா என்னும் இத்தாலியக் கப்பல் புறப்பட்டது. அதிலிருந்த பயணிகளுள் ஒருவர் பத்தொன்பது வயது சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. சிறிய தந்தையார் சர் சி. வி. இராமன். சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை இலண்டன் இராயல் சொசைட்டி வெளியீட்டில் இடம்பெற்றது. மேற்படிப்புக்கு இந்திய அரசு உபகாரச் சம்பளம் அளித்தது.

புறப்படும் நேரத்தில் வீட்டில் ஒரு பெருங்கவலை. தாயார் சீதாலட்சுமி அம்மையார் கடும் நோயுற்றிருந்தார். மகன் போகக்கூடாது என்று உறவினர் சொன்னார்கள். போகத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றவர் தாயாரே. அவர் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆயினும் ஆங்கிலம் கற்று, இப்சனின் நாடகமொன்றைத் தமிழில் பெயர்த்த பெண்மணி. இனி மகனைக் காண்பது அரிது என்பதை அறியாதவரல்லர். அறிந்தே வழியனுப்பினார். 1931 மே மாதத்தில் அவர் காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார்.

அந்தக் கப்பல் பயணத்தில் சந்திரசேகர் செய்த கணக்கே பின்னாளில் அவருக்கு அழியாப் புகழ் தந்தது. ஒரு விண்மீன் எரிந்து ஓயும்போது, அதன் பருமம் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குட்பட்டிருந்தால்தான் அது வெண்குறு விண்மீனாக அடங்கி நிற்கும் என்பது அதன் சாரம். இன்று அறிவியலார் அந்த எல்லையைச் சூரியனின் பருமத்தைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று கொண்டு, சந்திரசேகர் எல்லை என்றே வழங்குகிறார்கள்.

ஆனால் கேம்பிரிட்ஜ் சேர்ந்ததும் அவருக்கு வந்த அனுபவம் வேறு. சென்னையில் அவர் முதல் மாணவர், எல்லோராலும் பாராட்டப்பெற்றவர். அங்கேயோ டிராக்கும் எடிங்டனும் நடமாடும் வீதிகள்! தாம் மிகச் சிறியவர் என்ற உணர்வு அவரை வாட்டியது. ஆசிரியர் ஃபௌலரைக் காண்பதே அரிது. தனிமை மிகுந்தது. இந்நிலையில் அவர் செய்தது என்ன? தம் குறையைத் தாமே கணக்கிட்டார். வகுப்புகளில் அமர்ந்து அடிப்படையிலிருந்து கற்றார். 1931 கோடையில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்குச் சென்று மாக்ஸ் பார்ன் அவர்களிடத்திலும், பின்னர் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆராய்ச்சி நிலையத்திலும் தங்கிப் பழகினார். அங்கே பல நாட்டு இளைஞர்கள் ஒன்றாக உண்டு, ஒன்றாக விவாதித்தார்கள்; கேம்பிரிட்ஜில் கிடைக்காத தோழமை அங்கே கிடைத்தது. ஓரிடம் ஒவ்வவில்லையானால், சோர்ந்து கிடவாமல் ஒவ்வும் இடத்தைத் தேடிச் செல்வதும் ஒரு கல்விதான்.

1933-இல் டாக்டர் பட்டம் பெற்றார். டிரினிடி ஃபெல்லோ பதவி தமக்குக் கிட்டாது என்றே எண்ணி ஊரை விட்டுப் புறப்படச் சித்தமாயிருந்த வேளையில், அறிவிப்பில் தம் பெயரைக் கண்டார். இராமானுஜனுக்குப் பின் அப்பெருமை பெற்ற இந்தியர் அவரே. 1935 ஜனவரி 11-ஆம் நாள், இலண்டன் வானியல் சங்கக் கூட்டத்தில் அவர் தம் முடிவுகளைப் படித்தார். உடனே எழுந்த எடிங்டன், பலர் முன்னிலையில் அதை நகைப்புக்கிடமாக்கினார். அவையில் அவருக்காக எழுந்து பேசியவர் எவருமில்லை. இருபத்துநாலு வயது இளைஞர்! வாதிட்டுக் காலத்தைப் போக்காமல், தம் முடிவுகளை ஒரு நூலில் முறைப்படுத்தி எழுதிவிட்டு வேறு ஆராய்ச்சியில் புகுந்தார். எடிங்டனோடு பகைமை பாராட்டவில்லை. 1982-இல் அவருடைய நூற்றாண்டு விழாச் சொற்பொழிவுகளைக் கேம்பிரிட்ஜில் நிகழ்த்தியவரும் சந்திரசேகரே. அடுத்த ஆண்டு, 1983-இல், நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

மூவரிடமும் நாம் காண்பவை

இம்மூவர் வாழ்விலிருந்தும் மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கேட்கக் கற்றல். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதற்கு வெட்கப்பட வேண்டா. அறையில் வெப்பக்கருவியை இயக்கும் முறை முதல், மனம் சோர்ந்தால் யாரை அணுகுவது என்பது வரை, முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர்களின் மனக்கவலையைக் கேட்டு உதவவென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் செல்வது பலவீனமன்று. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் செல்வது போன்றதே.

இரண்டாவது, கூடி உண்ணல். உணவு நெறியைக் காப்பது அவரவர் விருப்பம். சந்திரசேகரும் சைவ உணவினரே. ஆனால் நெறியைக் காப்பதற்காகத் தனிமையை வரவழைத்துக் கொள்ளலாகாது. வாரம் ஒருநாளேனும் நாலு பேரை அழைத்துச் சமைத்துப் போடுங்கள். நாலு பேரோடு போய் அமருங்கள்.

மூன்றாவது, கணக்கெழுதல். 1888 செப்டம்பர் 4-ஆம் நாள் இதே பம்பாயிலிருந்து இலண்டனுக்குக் கப்பலேறிய காந்தியடிகள், முதலில் உயர்ந்த உடைக்கும் நடனப் பயிற்சிக்கும் பிடில் வாசிப்புக்கும் பணம் செலவிட்டார். விரைவில் தெளிந்து, காசு காசாகக் கணக்கெழுதி, வாடகை குறைந்த அறைக்கு மாறி, வண்டிக் கூலியை மிச்சப்படுத்த மைல் கணக்கில் நடந்தார். அந்தக் கணக்குப் புத்தகப் பழக்கமே பின்னர்ப் பொதுப்பணத்தைக் கையாளும் நேர்மைக்கு அடித்தளமாயிற்று என்று சுயசரிதையில் அவர் கூறுகிறார். இன்று வீட்டை அடகு வைத்தும் வங்கிக் கடன் வாங்கியும் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே பல. செலவழிக்கும் ஒவ்வொரு காசும் ஒருவருடைய மிகைநேர உழைப்பு என்ற நினைவு மாணவனுக்கு இருத்தல் நன்று.

நான்காவது, சிறுமை உணர்வைத் தாங்கல். பெரிய குளத்துக்கு வந்த மீன் தன்னைச் சிறிதென்று காண்பது இயல்பு. அவ்வுணர்வு சோம்பலாகவும் மாறலாம், உழைப்பாகவும் மாறலாம். அம்பேத்கரும் சந்திரசேகரும் அதை உழைப்பாக மாற்றிக் கொண்டார்கள்.

வீட்டிலிருப்போர்

செல்பவனைப் பற்றியே இதுவரை பேசினோம். வீட்டில் இருப்போரை மறத்தலாகாது. அம்பேத்கர் இலண்டனில் பசியோடு படித்த நாட்களில், இங்கே பரேல் சாலில் இரமாபாய் அம்மையார் வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்தார். குழந்தைகளைப் பறிகொடுத்த துயரத்தையும் தாங்கினார். 1935-இல் அவர் மறைந்தபின், பாகிஸ்தான் பற்றிய தம் நூலை அம்பேத்கர் அவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார். ஒருவருடைய பட்டத்தில் இருவருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை அக்காணிக்கை சொல்லும்.

இராமானுஜனின் துணைவியார் ஜானகி அம்மையாரின் நிலை வேறு. கணவர் எழுதிய கடிதங்கள் அவர் கைக்கு வராமலும், அவர் எழுதியவை கணவரைச் சேராமலும் வீட்டிலேயே தடைப்பட்டன. கடல் கடந்த தனிமையில் இருந்தவருக்கு வீட்டிலிருந்து வந்த மௌனம் எத்தகைய பாரமாக இருந்திருக்கும்! அவர் மறைந்தபின் அம்மையார் சில ஆண்டுகள் பம்பாயில் தம் சகோதரர் இல்லத்தில் தங்கித் தையற்கலை கற்றார். பின்னர்ச் சென்னை திருவல்லிக்கேணியில் தையல் தொழிலால் தம் காலில் நின்று வாழ்ந்து, 1994-இல் காலமானார். வெளிநாடு சென்றவர் மட்டுமே வளர்கிறார் என்று எண்ணுவோர், இவ்வம்மையாரின் உறுதியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நாளில் கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுவதில்லை. தொலைபேசியில் முகம் பார்த்தே பேசுகிறோம். ஆனால் பேசுவது என்ன? மதிப்பெண் எவ்வளவு, வேலை எப்போது, கடன் தவணை எப்படி என்பவையே பெரும்பாலும். சாப்பிட்டாயா என்று தாய் கேட்பாள், சாப்பிட்டேன் என்று மகன் சொல்வான், பேச்சு முடிந்துவிடும். இனி, யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். அக்கேள்விக்கு வரும் விடையில் பிள்ளையின் உண்மை நிலை தெரியும். ஒருவர் பெயரும் வரவில்லையானால், அன்று மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்க வேண்டா. சற்று நேரம் வீட்டுக் கதையைப் பேசுங்கள். படிப்பு ஒவ்வாமல் ஓராண்டு பின்தங்கினாலும், திரும்பியே வந்தாலும், வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அச்சொல் அவனைச் சோம்பேறியாக்காது. நிமிர்ந்து நிற்கச் செய்யும்.

திரும்புதல்

திரும்பி வருவதும் ஒரு சோதனையே. கொலம்பியாவிலும் இலண்டனிலும் வாழ்ந்த காலத்தில் தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவே மனத்தை விட்டு அகன்றுபோயிற்று என்று அம்பேத்கர் எழுதியிருக்கிறார். 1917-இல் பரோடாவில் பணியேற்கச் சென்றபோது, தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. வேற்றுப் பெயரில் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியேந்தி வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். ஒரு பொதுத் தோட்டத்தில் அமர்ந்து அழுதபின் பம்பாய்க்கு இரயிலேறினார். கற்ற கல்வி அவரை அவமானத்திலிருந்து காக்கவில்லை. அவமானத்தை எதிர்த்து நிற்கும் ஆற்றலைத் தந்தது. பிற்காலத்தில் 1946-இல் அவர் முயற்சியால் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தோன்றியது. மாதுங்காவிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள தாதர் இந்து காலனியில், அவர் நூல்களுக்காகவே கட்டிய இராஜகிருகம் இன்றும் நிற்கிறது. கடலில் நூல்களை இழந்த மாணவன் எழுப்பிய இல்லம் அது. அயல்நாடு செல்லவிருக்கும் நம் பிள்ளைகளை, விமானமேறும் முன் ஒருநாள் அங்கே அழைத்துச் சென்று காட்டுதல் தகும்.

சந்திரசேகர் 1936-இல் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் உடன்பயின்ற லலிதா அம்மையாரை மணந்து, பின் அமெரிக்கா சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிலைத்தார். தந்தையாரோ மகன் தாயகத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பியவர். திரும்பியவரும் திரும்பாதவரும் தத்தம் வழியில் உலகுக்குப் பயன்பட்டனர். ஆதலின் இதில் ஒரே விதி வகுக்க இயலாது. எங்கே வாழ்ந்தாலும், தாம் ஏறிவந்த படியை மற்றவனுக்காக விட்டுவைத்தாரா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

1932-இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கியபோது, ஊர்விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதே முன்னோரின் நோக்கம். இன்று நம் பிள்ளைகள் உலகெங்கும் செல்கிறார்கள். அயல்நாட்டில் படித்துத் திரும்பிய அன்பர்கள் நம் சங்கத்திலேயே பலர் இருப்பர். அவர்கள் ஆண்டுக்கு ஒருநாள், புறப்படவிருக்கும் மாணவர்களையும் பெற்றோரையும் கூட்டிவைத்து, போர்வை விரிப்பதிலிருந்து வங்கிக் கணக்கு வரை எடுத்துச் சொன்னால், அது பெருந்தொண்டாகும். மஹலனோபிஸ் செய்தது சில நிமிட வேலை. நூறாண்டுக்குப் பின்னும் அதை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.